மூப்பும் முயற்சியும்

கம்பம் பள்ளத்தாக்கிலே சின்னமனூருக்கு அணித்தாய்ச் சுரபி நதிக்கரையில் விளங்குவது குச்சனூர் என்னும் ஊர். சனீசுவரர் சுயம்பு வடிவினராய்த் தனிக்கோயில் கொண்ட இடம் அது. ஆடித் திங்களின் சனிக்கிழமைதோறும் தேனி, மதுரை, திண்டுக்கல் முதலிய பக்கங்களிலிருந்தும் மலைக்கு அப்பாலுள்ள கேரள நாட்டினின்றும் மக்கள் அங்கே திரள்வர். சோதிட நூலார் சனியை ஆயுட்காரகன் என வழங்குவர். ஆதலின் எள் விளக்கேற்றிக் கைகூப்பி நிற்கும் முதியோர் பலர் நெஞ்சில் எழுவன இரண்டு வினாக்களேயாம். இன்னும் எத்துணை நாள் என்பது ஒன்று. அந்நாளும் எந்நிலையில் என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னதினும் பின்னதே அவர்களைப் பெரிதும் வருத்துவது. இறப்பை அஞ்சாதார் பலருளர். கண்ணொளி மழுங்கி, செவி அடைத்து, எழுந்து நிற்கவும் பிறர் கையை எதிர்நோக்கிக் கிடத்தலை அஞ்சாதார் இலர்.

கோள்கள் தாமே ஒன்றைக் கொடுக்கவும் எடுக்கவும் வல்லன அல்ல, முதல்வன் ஆணைவழி நின்று உயிர்களின் வினைப்பயனைக் கூட்டுவிக்கும் கருவிகளேயாம் என்பது சைவ நூற்றுணிபு. திருமறைக்காட்டில் நாளும் கோளும் நன்றல்ல என்று தடுத்த நாவரசர்க்குத் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தால் விடையிறுத்ததை அன்பர்கள் அறிவர். ஆகவே ஆயுளைப் பற்றிய ஆராய்ச்சி கோளோடு முடியாது, வினையிற் சென்று நிற்கும்.

வினையைப் பற்றிச் சைவ சித்தாந்தம் கூறுவது யாது? அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ச் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், ஒருவன் அடையும் பொருட்பேறும் அதன் இழப்பும், அவன் நுகரும் இன்பமும் பிணியும், அவனுக்கு வரும் முதுமையும் சாவும் ஆகிய ஆறும் அவன் கருவில் தங்கியபோதே வரையறுக்கப்பட்டன என்னுங் கருத்தை அருளிச் செய்தார். இவ்வாறனுள் மூன்று, அதாவது பிணி மூப்பு சாக்காடு என்பன, ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளுக்கே உரியன.

அற்றேல், மருந்துண்டலும், உணவை அளந்துண்டலும், காலையில் நடத்தலும், மருத்துவனை நாடலும் ஆகிய யாவும் வீண் முயற்சியேயன்றோ? கருவில் எழுதியது எழுதியதுதானே? இது கடா.

இக்கடா ஏட்டளவில் நின்றிருப்பின் புலவர் தம்முள் ஆராய்ந்து அமைதற்குரியதாய் முடிந்திருக்கும். அஃது அங்ஙனம் நிற்கவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கண் மருத்துவ முகாம்களுக்கு மக்கள் வருகின்றனரா என ஆராய்ந்து 1999-இல் வெளியிடப்பட்ட கட்டுரை ஒன்று, கண்ணிற் குறையுடையாருள் முகாமிற்கு வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவரே என்று காட்டிற்று. வாராதார் கூறிய காரணங்களிற் செலவும் அச்சமும் குடும்பப் பொறுப்பும் இருந்தன. அவற்றோடு, வயது முதிர்ந்தால் பார்வை போவது இயல்பு என்பதும், எல்லாம் விதி என்பதும் இருந்தன. தத்துவ நூலிற் பொதிந்த ஒரு சொல், நூலறியாதார் வாயில் விழுந்து, திண்ணையில் ஒரு கிழவியைக் குருடாய் இருத்திவிட்டது. சித்தாந்தம் கற்றார்க்கு இதனினும் பெரிய வருத்தம் பிறிதில்லை.

கண்புரை என்பது யாதெனிற் கூறுதும். கண்மணிக்குப் பின்னே பளிங்குபோல் தெளிந்த வில்லை ஒன்றுண்டு. தலைமயிர் நரைப்பதுபோலவே அவ்வில்லையும் ஆண்டு செல்லச் செல்லத் தெளிவு குன்றிப் பால்போல் வெளுக்கும். கடும்வெயிலும், நீரிழிவும், புகைபிடித்தலும் அதனை விரைவுபடுத்தும். மருந்து ஊற்றி அதனைக் கரைத்தல் இயலாது. வெளுத்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை அவ்விடத்தே பொருத்துதலே வழி. பழைய சிகிச்சையில் வில்லையை எடுத்தபின் சோடாப் புட்டியின் அடிபோன்ற தடித்த கண்ணாடியை அணிவித்து விடுவர். இக்காலத்தில் உள்ளேயே வில்லை வைத்துவிடுதலின் அதுவும் வேண்டுவதில்லை. கைதேர்ந்த மருத்துவர்க்கு இது நாழிகை ஒன்றுகூடப் பிடியாத வேலை. ஆக, மூப்பினால் வரும் குறைகள் எல்லாவற்றினும் எளிதின் நீங்குவது இதுவேயாகவும், விதியென்று மிகுதியாய்ப் பொறுத்துக்கொள்ளப்படுவதும் இதுவேயாயிற்று.

இனிக் கடாவிற்கு விடை. சித்தியார்ச் செய்யுள் அவ்வாறனையும் கூறிய அளவில் நின்றுவிடவில்லை. இப்பிறவியிற் செய்யும் முயற்சி மேலைக்குச் சென்று பயன்தரும் என்பதையும் அதுவே உடன் கூறுகின்றது. முன் செய்தது பிராரத்தமாய் வந்து உண்ணப்படுகின்றது. இன்று செய்வது ஆகாமியமாய் ஏறுகின்றது. பாதியைப் படித்து ஏட்டை மூடினார் குற்றம் ஆசிரியர்மேற் சாராது. அன்றியும், கருவில் வரையறுக்கப்பட்ட அளவு இன்னதென்று அறிவான் இறைவன் ஒருவனே. சாமளவும் யான் குருடாய்க் கிடத்தலே விதி என ஒருவன் துணிந்து கூறுவானாயின், அவன் முதல்வன் கையிலுள்ள கணக்கைத் தான் வாசித்தவன் போலப் பேசுகின்றான். புரை மூடிய இரண்டு ஆண்டு துன்பமும் அதன்பின் அது நீங்கிப் பார்க்கும் பத்து ஆண்டு இன்பமும் ஆகிய இரண்டுமே அவன் பிராரத்தத்தில் அடங்கியிருத்தல் கூடாதோ? புரை வினைவழி வந்ததாயின், அதனை நீக்கும் மருத்துவனும் அவ்வினைவழியே கூட்டப்பட்டவன் என்க. பசிக்குஞ் சோற்றை விதியென்று யாரும் விலக்குவதில்லை. நோய்க்கு மட்டும் விதி நினைவிற்கு வருதல் வியப்பே.

இவ்வாராய்ச்சிக்கு முடிந்த சான்று திருஞானசம்பந்தர் வரலாற்றிலேயே உளது. திருக்கொடிமாடச் செங்குன்றூரில், இக்காலத்துத் திருச்செங்கோட்டில், பிள்ளையார் எழுந்தருளியிருந்தபோது பனிக்காலம் வந்தது. அந்நாட்டின் இயல்பாகிய குளிர்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றிற்று. இது இந்நாட்டின் இயல்பு, வினையின் பயன் என்று அமைந்திருக்கும்படி அவர் கூறினாரல்லர். முன்வினையால் வந்தது என்பதை அறிந்தும் அதனினின்று பிழைக்கும் வழியைத் தேடாது வாளாவிருத்தல் அறிவுடையார்க்குக் குறையாம் என்னும் பொருள்படவே திருநீலகண்டத் திருப்பதிகத்தைத் தொடங்கினார். அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையே அச்சுரம் விட்டு நீங்கிற்று என்பர் சேக்கிழார். விதியென்னுஞ் சொல்லை முயற்சிக்குத் தடையாக எடுத்துரைப்பார்க்கு இப்பதிகத்தின் முதற்பாட்டு ஒன்றே அமையும்.

அங்கே மருந்தாய் நின்றது இறைவன் திருவடியேயன்றி மருத்துவன் கை அன்றே எனின், அதுவும் ஆராயத்தக்கதே. நாவுக்கரசர் சூலை வரலாற்றையும் இதற்கு எடுத்துக்காட்டுவர். சமணர் மந்திரமும் பிறவும் பயன்படாது திலகவதியார் அளித்த திருநீறே தீர்த்தது என்பர். அச்சூலை ஆட்கொள்ளும் பொருட்டு இறைவனே கொடுத்தது; அதனைக் கொண்டு எல்லா வயிற்றுநோய்க்கும் விதி வகுத்தல் பொருந்தாது. மருத்துவத்தைச் சைவம் இகழ்ந்ததாயின் புள்ளிருக்குவேளூரில் இறைவனுக்கு வைத்தியநாதன் என்னுந் திருப்பெயர் வந்திராது. சோழர் காலத்துக் கோயில்களே மருத்துவச்சாலை நடத்தின. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, அங்குள்ள பெருமாள் கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 நோயாளர்க்குப் படுக்கையும், மருத்துவரும், அறுவை செய்வாரும், பணிப்பெண்டிரும், பல்வகை மருந்துகளும் இருந்தமையை விரித்துரைக்கின்றது. அது 11-ஆம் நூற்றாண்டுச் செய்தி.

அப்பழைய மரபு தேனியில் இக்காலத்து மீண்டும் தோன்றியதை நோக்குக. கோவிந்தப்ப வேங்கடசாமி என்னும் மருத்துவர் 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்திற் பிறந்தவர். மருத்துவங் கற்றுப் படையிற் பணிபுரிந்தபோது முடக்குவாதம் பற்றிக் கைவிரல்களைக் கோணச் செய்தது. 1948-இல் படையை விட்டு நீங்கினார். எழுதுகோலைப் பிடித்தலே அரிதாகிய அவ்விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். ஓராயிரம் ஈராயிரம் அல்ல, நூறாயிரத்துக்கு மேற்பட்ட கண்களை அவர் அறுவை செய்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அரசுப் பணியினின்று 1976-இல் 58-ஆம் அகவையில் ஓய்வு பெற்றார். மற்றையோர் சாய்வு நாற்காலியை நாடும் அகவை அது. அவர் மதுரையில் 11 படுக்கையுடன் அரவிந்த கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அரவிந்தர் நெறியில் ஈடுபட்டவராதலின் அப்பெயரை இட்டார். 1985-இல் தேனியில் அதன் கிளை எழுந்தது. பொருளுடையார் கொடுக்கும் கட்டணத்தைக் கொண்டு பொருளிலார்க்குக் கட்டணமின்றிச் செய்தல் அங்கே முறை. முகாமில் தேர்ந்தெடுத்த முதியோரை வண்டியில் ஏற்றிச் சென்று, உணவளித்து, அறுவை செய்து, மீண்டும் ஊரிற் கொண்டுவந்து விடுவதும் அவர்கள் கண்ட வழி. வழித்துணையும் வண்டிக்கூலியும் இன்மையே பலரைத் தடுத்தது என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு இது. செயற்கை வில்லை அயல்நாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்தமையின், 1992-இல் மதுரையிலேயே அதனைச் செய்யும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. வேங்கடசாமி 2006-இல் 87-ஆம் அகவையில் மறைந்தார். இளமையிலேயே முடங்கிய உடலோடு அத்துணை ஆண்டு வாழ்ந்தார். அவருடைய பிற்பாதி முற்பாதியினும் பயன் மிக்கதாயிற்று. பிணியின்மையே நன்முதுமை என்று இலக்கணம் வகுப்பார்க்கு இவர் வாழ்க்கை விடையாகும்.

கண்ணொளி போதல் கண்ணளவில் நிற்பதன்று. மறதிநோயை ஆராயும் அறிஞர் குழு ஒன்று 2024-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நோய்க்குக் காரணமாய் மாற்றத்தக்கவை 14 என எண்ணி, அவற்றை முற்றும் நீக்கின் நூற்றுக்கு 45 பங்கு தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் எனக் கணித்தது. திருத்தப்படாத பார்வைக்குறையும் செவிக்குறையும் அப்பதினான்கில் அடங்கும். காணாமையும் கேளாமையும் உடையவனோடு பேசுவார் குறைவர். பேச்சுக் குறைய மனம் சுருங்கும். சிவாலயம் சென்றும் தீபாராதனை காணமாட்டாது, வீட்டிலிருந்து திருமுறையைப் புரட்டியும் எழுத்து விளங்காது, பாராயணத்தைக் கைவிட்ட முதியோர் எத்துணையர்! அவர்கள் இழந்தது கண்ணை மட்டுமன்று.

இனி, நெடிதும் நன்றாகவும் வாழ்தற்கு உதவுவன என ஐயமின்றித் தெளியப்பட்டவற்றுள் முதன்மையானது புகையிலையை விடுதல். பிரித்தன் நாட்டில் ரிச்சர்டு டால் என்னும் அறிஞர் 1951-இல் தொடங்கி 34,000-க்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து குறித்துவந்தார். 50 ஆண்டு முடிவில், 2004-இல், புகைபிடித்தோர் பிடியாதாரினும் ஏறத்தாழ 10 ஆண்டு முந்தி இறந்தமை வெளியாயிற்று. இதனினும் சிறந்தது அதன் மற்றொரு முடிபு. 30-ஆம் அகவையில் விட்டவர் அப்பத்தாண்டையும், 40-இல் விட்டவர் 9 ஆண்டையும், 50-இல் விட்டவர் 6 ஆண்டையும், 60-இல் விட்டவரும் 3 ஆண்டையும் மீட்டனர். அறுபதிலும் முயற்சி வீண் போகவில்லை. மணிவிழாச் செய்துகொள்ளத் திருக்கடவூருக்குச் செல்வோர், காலகாலன் சந்நிதியிலேயே பீடிக்கட்டையும் வெற்றிலையோடு அடக்கும் புகையிலையையும் விட்டுவருதல் எத்துணைப் பொருத்தமாம்! மடியிற் புகையிலைப் பொட்டணத்தோடு ஆயுள் ஓமம் வளர்த்தல் நகைப்பிற்கிடமே.

உணவைப்பற்றி விரித்துரைத்தல் வேண்டா. உண்டது அற்றபின் அளவறிந்து உண்பான் உடம்பிற்கு மருந்து வேண்டாமையைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே தெளித்தார். கம்பம் பள்ளத்தாக்கிற்கே உரிய ஒன்றை மட்டும் குறிக்கலாம். 1895-இல் பெரியாற்று அணை முற்றுப்பெற்று, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பியபின், அப்பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் பூமியாய் உறுதிப்பட்டது. அந்நீரால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்ந்தன, அதில் ஐயமில்லை. ஆனால் வயலிற் காலைமுதல் மாலைவரை உழைத்தான் உண்ட சோற்றளவை, கடையிலோ வீட்டிலோ இருந்தவிடத்தே இருக்கும் அவன் பேரன் உண்ணும்போது, அதுவும் தவிடு போகத் தீட்டிய அரிசியாய் மூவேளையும் உண்ணும்போது, நீரிழிவு வருதற்கு வழி திறக்கின்றது. மானாவாரி நிலத்துக் கேழ்வரகும் சாமையும் மீண்டும் ஒருவேளையேனும் கலத்தில் இடம்பெறுதல் நன்று. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமிற்குள் அமைதல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அதனை எளிதிற் கடப்பிக்கும். இரத்த அழுத்தம் ஓசையின்றி ஏறும்.

விரதங்களைப் பற்றியும் ஒரு சொல். சோமவாரம், பிரதோடம், சிவராத்திரி முதலியன உடலுக்கும் உள்ளத்திற்கும் நலஞ்செய்வனவே. ஆயினும் நீரிழிவிற்கு மருந்துண்பாரும் இன்சுலின் ஏற்றிக்கொள்வாரும் மருத்துவரைக் கேளாது முழுப்பட்டினி கிடத்தல் தீங்காய் முடியும். முதியோர்க்கும் நோயாளர்க்கும் பாலும் பழமும் கொண்டு நோற்க இடமுண்டு. அவ்விலக்கை இழுக்காகக் கருதி மயங்கி வீழ்தல் பக்தியாகாது.

உடலுழைப்பின் பயனை முதன்முதல் எண்ணிக்கையாற் காட்டியவர் ஜெரமி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். லண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள்முழுதும் இருந்தபடியே இருப்பர். நடத்துநரோ படியேறி இறங்கியவண்ணம் இருப்பர். அவ்விருவகையாருள் ஓட்டுநர்க்கே மாரடைப்பு மிகுதி என 1953-இல் அவர் வெளியிட்டார். ஒரே வண்டி, ஒரே ஊதிய வகுப்பு, ஒரே காற்று. வேறுபட்டது படி ஒன்றே. கிழமைக்கு 150 நிமிடம் சற்று விரைந்து நடத்தலே முதியோர்க்கும் போதும் என்பர் இக்காலத்தார். கோயிலின் வெளிப்பிராகாரத்தைப் பலமுறை வலம்வருவார்க்கு இதில் பெரும்பகுதி வழிபாட்டிலேயே நிறைவேறும். உத்தமபாளையத்துத் திருக்காளாத்தீசுவரர் கோயிலையும் சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் கோயிலையும் அடுத்திருப்போர்க்கு வேறு திடல் எதற்கு? நடையோடு, நாற்காலியைப் பற்றாது எழுந்திருக்கவும் தடுமாறாது நிற்கவும் காலுக்கு வலிமை பழக்குதல் வேண்டும். முதுமையில் பலரைப் படுக்கையிற் சேர்ப்பது நோயன்று, வழுக்கி வீழ்தலே.

உழைப்பு நன்று என்று பொதுப்படக் கூறுவார், விடியுமுன் கம்பத்திலும் போடியிலுமிருந்து ஜீப்பில் நெருங்கி ஏறி, கம்பம்மெட்டும் போடிமெட்டும் கடந்து ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் பெண்டிரை ஒருமுறை நோக்குதல் நலம். அவர்கள் நாள்முழுதும் குனிந்து பறிப்பர், மழையில் நனைவர், இரவில் வந்து சமைப்பர். அவ்வுழைப்பு முழங்காலையும் இடுப்பையும் தேய்க்கின்றதேயன்றி வளர்க்கின்றதில்லை. அளவும் ஓய்வும் உள்ளதே உடற்பயிற்சி. இவ்விரண்டும் இல்லாதது தேய்வு. ஆதலின் நன்முதுமை முழுதும் தனிமனிதன் முயற்சியால் வருவதென்று கூறுதலும் மிகைபடக் கூறலாம். சமுதாயமும் அரசும் செய்யவேண்டுவன உள. 2021-ஆம் ஆண்டு ஆகத்து 5-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னுந் திட்டம், இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் அளந்து மருந்து கொடுத்தலை மேற்கொண்டது. ஒருநாட் கூலியை விட்டு மருத்துவமனை வாயிலிற் காத்திருக்க இயலாதார்க்கு அது பேருதவி.

இவற்றினிடையே காயகற்பம் விற்பாரையும் குறியாது விடுதல் தகாது. கம்பத்தை அடுத்த சுருளிமலை சித்தர் உறைந்த குகைகளுடையது எனப் போற்றப்படும். சுருளித் தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்குப் பெருந்திரள் கூடும். சித்தர் பெயரைச் சொல்லி, உட்பொருள் இன்னதெனக் கூறாத பொடியும் லேகியமும் நரைதிரை போக்கும் என்று விற்பார் எங்கும் உளர். முறையறியாது ஆக்கிய இரசமும் ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நிறுவப்பட்டது. மதன மோகன மாளவியர் 1938-இல் ஒரு சாதுவின் மேற்பார்வையிற் காயகற்பச் சிகிச்சை செய்துகொண்டது அக்காலத்து நாடெங்கும் பேசப்பட்டது. இழந்த இளமை திரும்பவில்லை. 1946-இல் 84-ஆம் அகவையில் அவர் காலமானார். உலகத்தில் ஐயமறப் பதிவு பெற்ற நீண்ட ஆயுள், 1875-இற் பிறந்து 1997-இல் மறைந்த ழான் கல்மான் என்னும் பிரெஞ்சு மாதினுடைய 122 ஆண்டே.

அங்ஙனமாயின் திருமூலர் மூவாயிரம் ஆண்டிருந்து ஆண்டிற்கு ஒரு பாட்டாக அருளினார் என்னும் வரலாறு யாதாம் எனின், அது யோகசித்தியுடையார் செய்தி. கடையில் வாங்கும் பொருளால் வருவதன்று. அவர் காயசித்தி உபாயம் கூறுமிடத்துச் சொன்ன காரணமே ஈண்டு வேண்டுவது. முன்னர் உடம்பை இழுக்குடையதென எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டமையைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாக அவர் உரைக்கின்றார். உடம்பிற்காக உடம்பைப் பேணுதல் வேறு. உள்ளிருப்பவன்பொருட்டுப் பேணுதல் வேறு. அவர் சாத்தனூரில் இடையன் உடலிற் புகுந்ததும் ஆயுள் நீட்டும் விருப்பினால் அன்று. மேய்ப்பானை இழந்த பசுக்கள் கதறியதைப் பொறாமையினாலே.

ஆண்டின் எண்ணிக்கையே பொருளாயின் சமயாசாரியர் நால்வருள் மூவர் குறையுடையராதல் வேண்டும். தனிப்பாடல் வழக்கின்படி சம்பந்தர்க்கு 16, சுந்தரர்க்கு 18, வாதவூரர்க்கு 32. நாவுக்கரசர் ஒருவரே 81 ஆண்டு இருந்தார். நெடுங்காலம் வாழ்ந்து முதுமையைக் கண்ட அவ்வொருவர் அதனை எங்ஙனம் கழித்தார் என்று பெரியபுராணத்தை இந்நோக்கோடு பயிலுவார்க்குப் பல புலனாம்.

அவர் கையில் இறுதிவரை இருந்தது உழவாரப்படை. குனிந்தும் அமர்ந்தும் புல்லைச் செதுக்குதல், வலிமையும் அளவும் கூடிய உழைப்பு. கூலிக்கன்று, அன்பிற்குச் செய்தது. தலந்தோறும் நடந்தார். உண்டி சுருங்கியது. இவையெல்லாம் எளிதிற் காணப்படுவன. பலர் நோக்காதது அவருடைய நட்பு. தம் பேரனாதற்குரிய அகவையினராகிய சம்பந்தரோடு அவர் கொண்ட கேண்மை முதுமையின் பெருஞ்செல்வம். அப்பிள்ளை அப்பரே என்று அழைத்தது. திருப்பூந்துருத்தியில் அம்முதியவர் கூட்டத்துள் மறைந்து சென்று அப்பிள்ளையின் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். மக்கட்டொடர்பு உடையார் ஆயுளை ஆராய்ந்த 148 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் செய்தியைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த முடிபு ஒன்றுண்டு. உற்றார் தொடர்பு மிக்கார், குறைந்தாரினும் அவ்வாய்வுக்காலத்து உயிருடனிருத்தற்கு நூற்றுக்கு 50 பங்கு மிகுதியான வாய்ப்புடையர் என்பதே அது. தம் வயதினரையே நட்டார்க்கு ஆண்டுதோறும் ஒருவர் குறைந்து இறுதியில் தனிமையே எஞ்சும். இளையாரோடும் பழகினார்க்கு அங்ஙனமன்று. திருமுறை வகுப்பிலே பேரப்பிள்ளைகளுக்குப் பண்ணோடு பாடஞ்சொல்லும் முதியவர் அவர்களுக்கு மட்டுமே நன்மை செய்கின்றார் என்று கொள்ளவேண்டா.

கயிலைக்கு நடந்த நாவரசர் கால் தேய்ந்தார், கை தேய்ந்தார், ஊர்ந்தும் புரண்டும் சென்றார். இறைவன் அம்முயற்சியைத் தடுத்துத் திருவையாற்றுக்கு மீட்டான். அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. திருப்புகலூரிலே முன்போலவே உழவாரப் பணியை மேற்கொண்டார். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு கலந்து கிடக்கக் கண்டும், இரண்டையும் ஒருங்கே படையில் ஏந்தி அருகிருந்த குளத்தில் எறிந்துவிட்டு மீண்டும் புல்லைச் செதுக்கச் சென்றார் எனச் சேக்கிழார் கூறுகின்றார். அத்திருப்புகலூரிலேயே ஒரு சித்திரைச் சதயத்தன்று சிவனடி சேர்ந்தார்.